மூச்சடக்கமும் வாயடக்கமும்

கோல சிலாங்கூர்த் தோட்டமொன்றில் கிராணியாயிருக்கும் நாம், மேலதிகாரியின் கடுஞ்சொல் பட்ட வேளைகளில் மெல்ல மூச்சிழுத்து, அதனினும் மெல்ல விடுகிறோம். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்புத் தணியும், படபடப்பு அடங்கும். திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் பிராணாயாமத்தை உரைத்ததும் வீணன்று.

ஆயினும், அவ்வமைதியை எதற்குச் செலவிடுகிறோம்? மேலே வாங்கிய ஏச்சைக் கீழேயுள்ள தொழிலாளிமேல் இறக்காதிருந்தால், அது அறம். அவன் கூலிக் கணக்கில் தவறு கண்டும் வாளாவிருந்தால், அது கோழைமை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது கேட்டவற்றுள் ஒன்று, துரைமாரையும் ஆசிய உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டுமென்பது. அம்மரியாதையை வாங்கிக்கொண்டவருள் நம்போன்ற கிராணிமாரும் இருந்தனரன்றோ!

அன்பர்களே, மூச்சை அடக்கிக் கோபத்தை ஆற்றுவோம். ஆறிய நெஞ்சோடு நியாயத்தைப் பேசுவோம்.