தாய் வரும்வரை

காட்டு விலங்கின் குட்டி தனியே கிடப்பதைக் கண்டால், தூக்கி வந்து காப்பாற்று என்கிறது மனம். அந்த இரக்கத்தைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அது தணிப்பது குட்டியின் தவிப்பையா, பார்த்தவரின் தவிப்பையா என்று கேட்டாக வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் இக்கேள்வி அறுவடைதோறும் எழுகிறது. பாசனத்தால் பெருகிய கரும்பு வயல்களில் சிறுத்தைகள் குடியேறி, அங்கேயே குட்டி போடுகின்றன. கரும்பு வெட்டுபவர்கள் கண்ணில் படும் குட்டிகள் கைவிடப்பட்டவைபோல் தோன்றும். பெரும்பாலும் தாய் இரை தேடப் போயிருக்கும். அல்லது ஆள் அரவத்துக்கு ஒதுங்கி, இருட்டுவதற்குக் காத்திருக்கும். வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் குட்டிகளைப் பரிசோதித்து, கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டு விலகிவிடுகிறார்கள். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்வது பலமுறை கேமராவில் பதிவாகியிருக்கிறது. மனித வாடை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கை இங்கே பொய்யாகிறது.

வீட்டுக்குப் போன குட்டியின் கதி வேறு. பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பிழைத்தாலும், ஓராண்டுக்கு மேல் தாயுடன் திரிந்து கற்க வேண்டிய வேட்டை அதற்கு வாய்க்காது. மனிதருக்கு அஞ்சாத சிறுத்தையைத் திரும்பக் காட்டில் விடவும் முடியாது. ஆயுள் முழுதும் கூண்டுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றிப் பிடிப்பதைக் குற்றமாக்கியிருப்பது நியாயமே.

அதற்காக, கண்டும் காணாமல் போவது அறமாகாது. குட்டி காயப்பட்டிருந்தாலோ, அருகில் தாய் செத்துக் கிடந்தாலோ, சும்மா இருப்பதே கொடுமை. அப்போதும் வனத்துறைக்குச் சொல்வதும், கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி வைப்பதுமே முதல் உதவி. தாய் வராது என்பது உறுதியான பிறகுதான் குட்டியை எடுத்துச் செல்லலாம். அதையும் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

இந்தப் பொறுமைக்கு விலை உண்டு. வறண்ட மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து, வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களே அதைக் கொடுக்கிறார்கள். தாய்ச் சிறுத்தை திரும்பும்வரை வெட்டு நின்றால் வருமானம் நிற்கிறது, உயிர்ப்பயமும் அவர்களுக்குத்தான். காத்திருக்கச் சொல்லும் அரசும் ஆலையும் அந்தக் கூலியையும் பாதுகாப்பையும் ஏற்க வேண்டும். ஏழையின் செலவில் நடக்கும் ஜீவகாருண்யம் பாதி அறம்தான்.