உரிமையும் நோன்பும்

ஆண்டு முழுதும் பசுமை மாறாத இந்நாட்டில் வாழும் நமக்கு இலையுதிர் காலம் என்பது ஏட்டளவில் மட்டுமே தெரிந்த பருவம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாகாணத்தில் அது செப்டம்பரில் தொடங்குகிறது. கோடையில் மெலிந்த ஆறுகள் முதல் மழையால் சிறிது பெருகும். கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் தாம் பிறந்த ஆற்றின் வாசனையை அறிந்து அதனுள் ஏறத் தொடங்கும். சினூக், கோஹோ என்னும் இனங்கள் ஏற, அவை இடும் முட்டைகளைத் தின்னும் அவாவினால் கடல் சென்று மீளும் டிரௌட் மீன்களும் உடன் வரும். சால்மன் முட்டையிட்டதும் மாண்டுபோகும். டிரௌட் பிழைத்துக் கடலுக்குத் திரும்புவதும் உண்டு.

இப்பருவத்தில் தூண்டிலும் கையுமாக இடுப்பளவு நீரில் நிற்போர் பலர். அங்குள்ள பல ஆறுகளில் ஒரு விதி உண்டு. வளர்ப்பு நிலையத்தில் பிறந்த குஞ்சுகளுக்கு முதுகின் பின்புறத்துச் சிறு துடுப்பைக் கத்தரித்து விடுகின்றனர்; அத்துடுப்பு இல்லாத மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாம், இருப்பின் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். தூண்டில் முள்ளால் வாய் கிழித்துப் பின் உயிர்ப்பிச்சை அளிப்பது கருணையாகுமா என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அது பொழுதுபோக்குக்காக ஆற்றுக்கு வந்தவரைப் பற்றியது. மீனையே சோறாகக் கொண்டவர் மீனை விட்டு விலகி நிற்பது எப்படிப்பட்டது என்பதே நாம் ஆராய விரும்புவது.

அம்மாகாணத்தின் வடகரையில் எல்வா என்றோர் ஆறு கடலிற் கலக்கிறது. அதன் கரையில் கிளாலம் என்னும் ஆதிகுடிகள் பன்னெடுங்காலமாக வாழ்கின்றனர். 1855இல் அமெரிக்க அரசு அவர்களுடைய நிலத்தை உடன்படிக்கையால் பெற்றுக்கொண்டு, மீன்பிடிக்கும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்தது. 1913இல் முகத்துவாரத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் மின்சாரத்துக்காக ஓர் அணை எழுந்தது. 1927இல் அதற்கு மேலே மற்றொன்று எழுந்தது. மீன் ஏறும் ஆறுகளில் அணை கட்டுவோர் மீனுக்கு வழிவிட வேண்டும் என்று 1890இலேயே மாகாணச் சட்டம் இருந்தது. இரண்டு அணைகளிலும் வழி விடப்படவில்லை. அதற்கு ஈடாக வைத்த குஞ்சு வளர்ப்பு நிலையமும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. சட்டம் எழுதியவர்களே அதை மீறுவோருக்கு வழி காட்டியது நம்மவர்க்குப் புதுமையாகத் தோன்றாது.

உடன்படிக்கை ஏட்டில் இருந்தது. ஆற்றில் இறங்கியவர் சிறையில் இருந்தனர். அதே மாகாணத்து நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி பிராங்க் என்பார் 1945இல், தமது பதினான்காம் வயதில், மீன் பிடித்த குற்றத்துக்காக முதன்முதல் கைதானார். பின்னர் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி உடன்படிக்கைக் குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது.

பாதி மீனுக்கு உரிமை கிடைத்தது. ஆனால் எல்வாவில் மீன் எங்கே? கிளாலம் மக்களின் நெடும்போராட்டத்தின் பயனாக 1992இல் சட்டம் இயற்றப்பட்டு, 2011இல் தொடங்கி 2014க்குள் இரு அணைகளும் இடிக்கப்பட்டன. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுவழி மீனுக்குத் திறந்தது. இடிப்புத் தொடங்கியபோதே கடினமான கட்டமும் வந்தது. மீன் பெருகும் வரையில் எவரும் எல்வாவில் மீன் பிடிப்பதில்லை என்று மாகாணமும் தேசியப் பூங்காவும் கிளாலம் மக்களும் ஒருங்கே முடிவு செய்தனர்.

இங்கே ஒரு நியாயம் தடுமாறுவதாக நமக்குப் படுகிறது. அணை கட்டியவர் வேறு, அதனால் பட்டினி கிடந்தவர் வேறு. நோன்பு மட்டும் பட்டினி கிடந்தவர் தலையிலும் விழலாமா? பொறுத்திரு என்று ஏழைக்கு உபதேசிப்பது செல்வர்க்கு எந்நாளும் எளிது. கூலி கேட்டவனிடம் பொறுமையின் பெருமையைப் பேசும் நாவை நாம் தோட்டத்திலும் பட்டணத்திலும் கேட்டிருக்கிறோம்.

ஆயினும் எல்வாவில் நடந்தது அவ்வகையன்று என்றே கொள்கிறோம். 1974க்கு முன் ஒரு கிளாலம் மனிதன் மீன் பிடியாதிருந்தால் அதற்குப் பெயர் அச்சம், அல்லது வறுமை. உரிமை கைக்கு வந்தபின், முடிவு செய்யும் அவையில் சமமாக அமர்ந்து, ‘இப்பொழுது வேண்டாம்’ என்று தானே சொன்னபோதுதான் அது நோன்பாயிற்று. வெளியே பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே: வலை உலர்ந்து கிடக்கிறது, மீன் மேலே போகிறது. உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆதலின் உரிமையை மறுத்துவிட்டுத் தியாகத்தைப் புகழ்வாரை நாம் ஐயுறுகிறோம். அத்தியாகத்திலும் இழப்பு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மீன் திரும்புவதைக் காண வேண்டுமென்று போராடிய முதியோர் சிலர் அதன் சுவை அறியாமலே மறைந்திருப்பர். ஒரு சிறுவன் தூண்டில் போடக் கற்கவேண்டிய வயது கற்காமலே கழிந்திருக்கும்.

2023 அக்டோபரில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், கிளாலம் மக்கள் எல்வாவில் மீண்டும் தூண்டில் இட்டனர். தம் உணவுக்கும் சடங்குக்குமாக அவர்கள் வகுத்துக்கொண்ட அளவு 400 கோஹோ மீன். அவ்வாண்டு பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு ஆறு திறக்கப்படவில்லை. சினூக் மீன்கள் தொடப்படாமல், அணை இருந்த இடத்தைக் கடந்து மேலே போயின.