பணம் எவருடையது? பழி எவருடையது?

செல்வத்தைச் சேர்ப்பவன் ஒருவன். சேர்த்ததைக் காப்பவன் மற்றொருவன். முன்னாளில் இரும்புப் பெட்டியும், இடுப்பில் சாவிக்கொத்தும், நம்பிக்கையான கணக்கப்பிள்ளையும் இருந்தால் போதும், சீமான் நிம்மதியாக உறங்கினான். இன்றோ, பெட்டியில் கிடக்கும் பணம் தேயும் பணம் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவேதான் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஜூரிச்சிலும், செல்வக் குடும்பங்களின் பணத்தையும், பல்கலைக் கழகங்கள், மருத்துவமனைகள், ஓய்வூதிய நிதிகள் ஆகியவற்றின் பணத்தையும் பெற்று, பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் நிலங்களிலும் போட்டுப் பெருக்கித் தரும் முதலீட்டு நிறுவனங்கள் நடைபெறுகின்றன. ஆண்ட்ரூ கார்னகியின் எஃகுத் தொழிலில் பங்காளியாக இருந்து பெரும் பொருள் கண்ட ஹென்றி ஃபிப்ஸ் என்பார், அதைத் தம் குடும்பத்துக்காகக் காத்திட 1907-ல் பெஸ்ஸெமர் டிரஸ்ட் என்றொரு நிறுவனத்தையே ஏற்படுத்தினார். பிற்காலத்தில் அது பிற குடும்பங்களின் செல்வத்தையும் ஏற்றுக் காக்கத் தொடங்கிற்று. காவலுக்குக் கூலி? காக்கும் தொகையில் ஆண்டுதோறும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு. சிறு பங்குதான்; நூறு கோடியில் நூற்றுக்கு ஒன்று என்றாலே ஒரு கோடி ஆகிவிடுகிறது!

கூலி வாங்குவதைக் குறை கூறவில்லை. பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவது நல்ல தொழில்தான். நம்மை வாட்டும் கேள்வி வேறு. அந்தப் பணம் சென்று சேர்ந்த இடத்தில் கொடுமை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழி எவருடையது? நிறுவனத்தாரைக் கேட்டால், "பணம் எங்களுடையதல்லவே! பெருக்கித் தரச் சொன்னார்கள், பெருக்கித் தந்தோம்" என்பர். பணத்துக்கு உரியவரைக் கேட்டால், "நாங்கள் என்ன கண்டோம்? எல்லாம் நிறுவனத்தார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்பர். பணம் ஒருவருடையது, கை மற்றொருவருடையது, மனச்சான்று மட்டும் எவருடையதும் அல்ல!

இது நேற்று முளைத்த சிக்கல் அல்ல. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலே ஜான் மக்லீன் என்றொரு வணிகர் இருந்தார். 1823-ல் அவர் மறைந்தார். அவர் தம் உயிலிலே 50,000 டாலரை இரு பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்திருந்தார்: வரும் ஆதாயம் மனைவியின் வாழ்நாள் வரையில் மனைவிக்கு, அவருக்குப் பின் முதலில் ஒரு பாதி ஹார்வர்டு கல்லூரிக்கு, மறுபாதி மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு. பொறுப்பாளர்கள் அந்தப் பணத்தைப் பஞ்சாலைப் பங்குகளிலும் காப்பீட்டுக் கம்பெனிப் பங்குகளிலும் போட்டனர். அம்மையாருக்கு ஆதாயம் நன்றாகவே வந்தது. பங்குகளின் விலைதான் சரிந்தது. 50,000 என்பது சில ஆண்டுகளில் 30,000-க்கும் கீழே இறங்கிற்று. பதறிப்போன கல்லூரியும் மருத்துவமனையும் வழக்குத் தொடுத்தன. 1830-ல் நீதிபதி சாமுவேல் பட்னம் தீர்ப்பு வழங்கினார். எதில் போட்டாலும் முதலுக்கு ஆபத்து உண்டு. அறிவும் முன்யோசனையும் உடைய மனிதர் தம் சொந்தப் பொருளை எவ்வாறு கையாள்வாரோ அவ்வாறு பொறுப்பாளர் கையாண்டிருந்தால் போதும், இழப்பை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பிறர் பணத்தைக் காப்போர்க்கெல்லாம் அமெரிக்காவில் அத்தீர்ப்பே நெடுங்காலம் வழிகாட்டியாயிற்று.

நல்ல தீர்ப்பு, ஐயமில்லை. ஆனால் சற்றே உற்று நோக்குங்கள். வழக்காட வந்தவை எவை? அறிவு புகட்டும் கல்லூரி. பிணி தீர்க்கும் மருத்துவமனை. வழக்கின் பொருள் என்ன? பஞ்சாலைப் பங்கு. அந்நாளில் மாசச்சூசெட்சின் வால்தமிலும் லோவலிலும் சுழன்ற கதிர்களுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தென் மாநிலத் தோட்டங்களிலிருந்து. பறித்துத் தந்த விரல்கள் எவருடையவை? தாய் ஒரு சந்தையிலும் பிள்ளை ஒரு சந்தையிலுமாக விற்கப்பட்ட கறுப்பின அடிமைகளுடையவை! தறிக்கு உரிய வடக்கத்திச் சீமான்களும் சாட்டைக்கு உரிய தெற்கத்திச் சீமான்களும் கைகோத்து நிற்கிறார்கள் என்று, பின்னாளில் செனட்டரான சார்லஸ் சம்னர் 1848-ல் இடித்துரைத்தார். 1830-ன் வழக்கிலோ, முதல் குறைந்ததே என்ற முறையீடு உண்டு, முன்யோசனை பற்றிய ஆராய்ச்சி உண்டு. பஞ்சில் படிந்த குருதியைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. அந்த மன்றத்திலே கொடியவர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. அதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது.

கடவுளின் பெயரால் திரட்டிய பணத்துக்கும் இதே கதிதான். வறிய பாதிரிமாருக்கு உதவ வேண்டும் என்று 1704-ல் இங்கிலாந்தில் ஆன் அரசியார் பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. அடிமை வாணிபம் நடத்திய தென்கடல் கம்பெனியில் அந்த நிதி பெருந்தொகையைப் போட்டு வைத்திருந்தது. திருச்சபையின் சொத்துக்களைப் பேணுவோர் ஏடுகளைப் புரட்டி இதை அறிக்கையாக வெளியிட்டு, 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது 2023-ல்! ஏழைப் பாதிரியின் உலையில் கொதித்த அரிசி எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்.

எனினும், நிறுவனத்தார் கூறும் விடையை ஏளனம் செய்து தள்ளிவிட நான் ஒப்பேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் வேலையை நாம் மெச்சுவதில்லையே! விதவையின் பணத்தைக் காக்க வந்தவர், தமக்குப் பிடித்த கொள்கைக்காக அவள் வருவாயைக் குறைத்தால், அவர் தியாகம் செய்தவர் ஆகமாட்டார்; தியாகம் செய்தவள் அவள், அதுவும் அவளைக் கேளாமலே. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதி வழக்கு இதைக் காட்டுகிறது. அந்த நிதிக்குப் பொறுப்பாளர் பத்துப் பேர். ஐவர் நிலக்கரி வாரியத்தின் சார்பினர், ஐவர் தொழிற்சங்கத்தின் சார்பினர். தொழிலாளியின் பணம் வெளிநாடு செல்லக் கூடாது. நிலக்கரிக்குப் போட்டியான எண்ணெயிலும் எரிவாயுவிலும் போகக் கூடாது என்றார் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். என் உள்ளம் அவர் பக்கம்தான். ஆனால் 1984-ல் நீதிபதி மெகாரி, ஓய்வூதியம் பெறுவோரின் நலனே, அதிலும் பொருளாதார நலனே, முதலிடம் பெறவேண்டும். பொறுப்பாளர் தம் சொந்தக் கருத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். கணவனை இழந்து, சுரங்கத்தோடு தொடர்பே அற்று, அந்த ஓய்வூதியத்தால் மட்டும் வாழும் முதியவளை எண்ணும்போது, தீர்ப்பைத் தவறு என்று துணிந்து சொல்ல என்னால் இயலவில்லை.

ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி ஒரு சிறு கதவைத் திறந்தே வைத்தார். பயன் பெறுவோர் அனைவரும் மதுவையோ புகையிலையையோ வெறுக்கும் உறுதியான கொள்கையினராக இருந்தால், அப்பணத்தை விலக்குவதும் அவர்களுக்கு நன்மையாகலாம் என்றார். அதாவது, உரியவர் வாய் திறந்தால் காப்பவர் கேட்டாக வேண்டும்! எண்ணெயிலே எழுந்த குடும்பம் ராக்பெல்லர் குடும்பம். அக்குடும்பத்தார் நிறுவிய ராக்பெல்லர் சகோதரர்கள் நிதி, நிலக்கரி, எண்ணெய் முதலானவற்றிலிருந்து தன் முதலீட்டை விலக்கிக் கொள்வதாக 2014-ல் அறிவித்தது. வானம் இடிந்து விழவில்லை. "எங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லும் சீமான்கள் கேட்க முடியாதவர்கள் அல்லர், கேட்க விரும்பாதவர்கள். காப்பவரும், வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று, ஆதாயத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி, அது பிறந்த இடத்தைச் சொல்லாமல் விடுகிறார். பாதிப் பழியை இருவரும் சுமக்கிறார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். இருவரும் முழுப் பழியையும் சுமக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் தாள் உள்ளே கிடந்தது. மாதந்தோறும் என் ஊதியத்தில் பிடிக்கும் பணம். 2015 முதல் அந்நிதியின் ஒரு பகுதி, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகளுக்கும் செல்கிறது. அந்தக் குறியீட்டில் அடங்கிய கம்பெனிகளில் சிகரெட்டு விற்கும் கம்பெனியும் உண்டு. என் தந்தையார் புகையால் நுரையீரல் கெட்டு, கடைசி நாட்களில் படுக்கவும் முடியாமல், தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடியே விடியும்வரை இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஆண்டும், "இம்முறை வட்டி எவ்வளவு?" என்று நான் கேட்டிருக்கிறேன். எங்கே போட்டீர்கள் என்று ஒரு முறையும் கேட்டதில்லை.

தாளைப் பார்த்தேன். நான் செலுத்தியது ஒரு பத்தியில், நிறுவனம் செலுத்தியது அடுத்த பத்தியில், வட்டி தனி வரியில். பிறந்த இடத்தைக் காட்டும் பத்தி இல்லை. அந்தச் சிகரெட்டு வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை. கேட்டு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "பெறுநர்" என்ற சொல்லுக்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.