வெந்நீரும் வைராக்கியமும்

திருவண்ணாமலையில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் பத்தடி நடந்து பார்த்தவர்களும் நம்பமாட்டார்கள். ஆனால் கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி பிறந்துவிட்டால், விடியற்காலையில் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். அந்தக் காற்றில் கிணற்றடியில் நின்று முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவனுக்குத்தான் தெரியும், அக்கினி ஸ்தலத்திலும் குளிர் உண்டு என்பது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் மண் பூசிய ஒரு கோட்டை அடுப்பு இருந்தது. அதன்மேல் பெரிய செப்புத் தவலை. நாலு மணிக்கு அம்மா எழுந்து, தென்னம்பாளையைச் சொருகிப் பற்றவைத்து, விறகைத் தள்ளித் தள்ளி ஊதுவாள். ஐந்தரை மணிக்கு அப்பாவுக்கு வெந்நீர். பிறகு பாட்டிக்கு. பிறகு பள்ளிக்கூடம் போகும் எங்கள் மூவருக்கும். அம்மா மட்டும் எல்லோருக்கும் முன்னதாக, அடுப்புப் பற்றவைப்பதற்கும் முன்பே, கிணற்றில் இரண்டு வாளி இறைத்துத் தலைமுழுகிவிடுவாள்.

"உனக்குக் குளிராதாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பழகிப்போச்சுடா" என்றாள்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. என் அம்மா சாதாரணப் பெண்மணி அல்ல, வைராக்கியசாலி என்று தீர்மானித்துக்கொண்டேன். பின்னாளில் கதைகள் எழுத ஆரம்பித்தபோது, மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் தாய்மார்களை நாலைந்து இடங்களில் உருக்கமாக வர்ணித்தும் இருக்கிறேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

வாரத்துக்கு ஒரு தரம் ஒரு கிழவி மலையிலிருந்து விறகுச் சுமையோடு வருவாள். சும்மாட்டின்மேல் சுமை, சுமையின் கீழே கழுத்து நரம்புகள் புடைத்த ஒரு சிறு உருவம். திண்ணையோரம் சுமையை இறக்கிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாள். அம்மா தண்ணீரும் கொடுப்பாள், பேரமும் பேசுவாள். "ஈரமா இருக்கே, புகையுமே" என்பாள் அம்மா. "மரம் இருந்தாத்தானே தாயி காஞ்சதாப் பொறுக்கியாறது" என்பாள் அவள். இரண்டணாவுக்காகக் கால் மணி நேரம் வாதாடுவார்கள். இரண்டு பேரிடமுமே காசு இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பேனா பிடிக்கிறவனுக்குக் கணக்கு வராது என்பார்கள். ஆனாலும் அண்மையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாளிக்குப் 15 லிட்டர் தண்ணீர். அதை உடம்பு தாங்குகிற சூட்டுக்குக் கொண்டுவர 15 டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு வேண்டியது 225 கிலோ கலோரி. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 3,500 கிலோ கலோரி இருக்கிறது. அப்படியானால் ஒரு வாளிக்கு 65 கிராம், அதாவது ஒரு கைப்பிடிச் சுள்ளி போதும்! ஆனால் திறந்த அடுப்பில் எரியும் சூட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் சேருகிறது. மிச்சம் ஒன்பது பங்கும் புகையாகவும் அனலாகவும் ஆகாயத்துக்கும், அம்மாவின் கண்ணுக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே ஒரு வாளிக்கு 650 கிராம். ஐந்து பேருக்கு மூன்று கிலோவுக்கு மேல். ஒரு வாரத்துக்கு ஒரு தலைச்சுமை. மழையும் குளிருமாக ஆறு மாதத்துக்கு அரை டன்னைத் தாண்டிவிடும். அத்தனையும் அந்தக் கிழவியின் கழுத்தின்மேல் இறங்கி வந்தது. ஆறாவது ஆளும் வெந்நீரில் குளித்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். அந்த ஆறாவது ஆள்தான் அம்மா.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு. ஊரில் எத்தனை வீடு! 2,668 அடி உயரமுள்ள இந்த மலையை ஜோதி ஸ்வரூபம் என்று கும்பிட்டுக்கொண்டே, அதன் மேனியில் இருந்த மரத்தையெல்லாம் நாம் அடுப்பில் வைத்தோம். ஆடு மாடு மேய்ந்தது, கோடையில் புல்லுக்கு வைத்த தீ பரவியது என்று வேறு காரணங்களும் உண்டு. 1980களில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாறையும் காய்ந்த புல்லுமாக மலை மொட்டையாக நின்றது. அதற்குப் பிறகு சில தொண்டர்களும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காவல் காத்தார்கள். இன்று மலையின் மடிப்புகளில் பச்சை தெரிகிறது. மரம் நட்டவர்களுக்குச் சேரவேண்டிய புண்ணியத்தில், விறகு எரிப்பதை நிறுத்திய வீடுகளுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் விறகு நின்றது 2003-ல். மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி ஒன்றை வைத்தேன். அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கறுப்புப் பூசிய செப்புத் தகடு, அதில் பதித்த செப்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, அதற்கும் மேலே சூடு போகாமல் போர்வை போர்த்திய ஒரு தொட்டி. சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறுகிறது. குளிர்ந்த தண்ணீர் கனத்துத் தானே கீழே இறங்குகிறது. பம்ப் கூட வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து வைத்தால் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும் என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த தெ சொஸூர் என்ற அறிஞர் 1767-லேயே கண்டுவிட்டார். 1891-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து கெம்ப் என்பவர் வெயிலில் வெந்நீர் போடும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கி விற்பனையே செய்தார். 1980-ல் இஸ்ரேலில், புது வீடு கட்டினால் இது இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத எங்கள் ஊருக்கு இது வந்து சேரத்தான் இத்தனை காலம் பிடித்தது.

அப்போது அம்மாவுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு எதுக்குடா, பச்சைத் தண்ணியே பழகிப்போச்சு" என்று அன்றும் சொன்னாள். மருமகள் வற்புறுத்தி உள்ளே அனுப்பினாள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பயந்துபோய்க் கதவைத் தட்டினோம். "இருங்க, வரேன்" என்று குரல் வந்தது. வெளியே வந்தவளின் முகம் சிறு குழந்தையின் முகம்போலச் சிவந்திருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"முதுகு இத்தனை வருஷமா வலிச்சிட்டிருந்ததுன்னு இப்பத்தாண்டா தெரியுது."

வாசகர்களே, என் வாழ்நாளில் நான் எழுதிய அத்தனை உருக்கமான வர்ணனைகளும் அந்த ஒரு வாக்கியத்தில் தலைகுப்புற விழுந்தன. வைராக்கியம் என்று நான் கும்பிட்டது வைராக்கியமே அல்ல, விறகுப் பஞ்சம். தன் பங்கு வெந்நீரை எங்களுக்கு விட்டுக்கொடுத்தாள் என்பது உண்மை. அது தியாகம்தான். ஆனால் அதை அவளுடைய சுபாவம் என்று பெயர் மாற்றி எழுதிக்கொண்டது நான். அப்படி எழுதிக்கொண்டதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவளுக்குக் குளிராது என்று நம்புகிற வரையில், என் வெந்நீரை நான் நிம்மதியாக ஊற்றிக்கொள்ளலாம் அல்லவா?

இந்த ஊரில் துறவைப் பற்றிப் பேசுவது சுலபமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் பக்கத்திலேயே இருக்கிறது. 1896-ல் பதினாறு வயதுப் பிள்ளையாக வந்த ரமணர், பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சிகள் கடித்ததையும் உணராமல் உட்கார்ந்திருந்தார். அது துறவு. ஆனால் பிற்காலத்தில் ஆசிரமத்துச் சமையலறையில் விடியுமுன்னே காய் நறுக்க உட்கார்ந்தவரும் அவரே. ஒரு பொருளை வீணாக்க விடமாட்டார். தமக்கென்று தனியாக எதையும் பரிமாற விடமாட்டார். வந்தவர் பசித்திருக்கவும் விடமாட்டார். தமக்கு வேண்டாம் என்றவர், பிறருக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். கையில் உள்ளதைக் கீழே வைப்பவன் துறவி. கையில் ஒன்றும் வந்து சேராதவனைத் துறவி என்பது, அவனுக்குத் தரவேண்டியதைத் தராமல் இருப்பதற்கு ஒரு கௌரவமான வழி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில், போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஒரு நண்பரோடு போனேன். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமம். சாமை அறுத்த நிலம். ஓட்டு வீடுகள், தகர வீடுகள். குளிர் எங்கள் ஊர்க் குளிரைப்போல விளையாட்டுக் குளிர் அல்ல, எலும்புக் குளிர். ஒரு வீட்டு வாசலில் மூன்று கல் அடுப்பில் கரிப்பிடித்த பானை ஏறியிருந்தது. உள்ளே கேஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. 2007 தொடங்கி மாநில அரசும், 2016 முதல் மத்திய அரசும் ஏழை வீடுகளுக்குக் கேஸ் அடுப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. ஆனால் சிலிண்டர் விலைக்குப் பயந்து சோறு கேஸில், வெந்நீர் விறகில் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் நாடு முழுவதும் உண்டு. அந்த வெந்நீரில் ஒரு பெண் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைமுடியிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குக் குளிரலையாம்மா?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது நண்பர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "பார்த்தீர்களா, எவ்வளவு எளிமையான ஜனங்கள்! இவர்களுக்குப் போய் சோலார், கீலார் என்று ஆசை காட்டிக் கெடுக்கக்கூடாது சார்." நண்பர் நல்லவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடியில் 200 லிட்டர் தொட்டி இருக்கிறது. நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பேசியது என்னுடைய பழைய கதைகளின் வசனம்.

கொடுப்பது சுலபம் என்றும் நான் சொல்லவில்லை. தண்ணீர் நிரம்பிய 100 லிட்டர்க் கருவி, இரண்டு ஆள் பாரத்துக்கு மேல் இருக்கும். தகரக் கூரை அதைத் தாங்காது. மேல்தொட்டி இல்லாத வீட்டில், குடத்தில் தண்ணீர் எடுக்கும் வீட்டில், அது வெறும் அலங்காரம். போர்வெல் உப்புத் தண்ணீர் குழாயை அடைத்துவிட்டால் பழுது பார்க்க ஆள் மலையேறி வரவேண்டும். என் வீட்டிலேயே இரண்டு வருஷத்தில் அடைத்துக்கொண்டது. விற்ற கடைக்காரர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. புகையில்லா அடுப்புக்காக 1980களில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் 2002-ல் முடிவுக்கு வந்தது. கட்டிக்கொடுத்த அடுப்புகள் பல இடங்களில் விரிசல் விட்டுக் கிடந்தன. கொடுப்பவர்கள் ஒரு தரம் வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் வழியே இல்லையா? ஒவ்வொரு கூரையும் தாங்காது என்றால், தாங்குகிற ஒரு கூரை ஊரில் இருக்கும்: உண்டு உறைவிடப் பள்ளியின் கூரை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூரை. அங்கே பிள்ளைகளுக்கும் பிரசவித்தவளுக்கும் முதலில் வரட்டும். ஆரோவில்லில் 15 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கூரைமேல் வைத்து வெயிலைத் திரட்டி, பொதுச் சமையலறைக்கு நீராவி எடுத்தார்கள். பொதுவாக வைத்துக்கொண்டால் வெயில் எல்லோருக்கும் எட்டும். அதுவும் முடியாத இடத்தில், நடுவில் தீக்குழாய் வைத்த நம்முடைய பழைய செப்புப் பாய்லர் இருக்கிறதே, அது கூட மூன்று கல் அடுப்பைவிட விறகை மிச்சம் பிடிக்கும்.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் விறகு நின்றதும் சிக்கனமும் நின்றது. ஒரு வாளி இரண்டாயிற்று. இப்போது பேரப் பிள்ளைகள் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்க எரிக்க, மொத்தச் செலவு குறைவதற்குப் பதில் கூடுகிறது என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1865-லேயே எழுதினார். வெயில் தீராது, தண்ணீர் தீரும். எளிமையைப் போதிக்க நண்பருக்கு ஆசையாக இருந்தால், அவர் ஜவ்வாது மலை வரைக்கும் போகவேண்டியதில்லை. அவருடைய மாடியிலேயே ஆரம்பிக்கலாம். என்னுடைய மாடிக்கும் வரலாம்.

அம்மா இப்போது இல்லை. அந்தக் கிழவி எப்போது போனாள் என்றே தெரியாது. அவள் முதுகு வலித்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கார்த்திகையன்று மலையுச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை விட்டு ஏற்றும் தீபத்தை ஊரே கைகூப்பிப் பார்க்கிறது, நானும் பார்க்கிறேன். அன்று இரவு காற்று இறங்கும்போது, சுமையோடு இறங்கி வந்த அந்தக் கழுத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் "பழகிப்போச்சு" என்றால், நான் அதைக் கதையில் எழுதிக்கொள்வதில்லை. அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.