அடைக்கலம் தருவோர் யார்?



தானம் நான்கு வகைப்படும் என்று நம் நூல்கள் கூறும். பசி தீர்க்கும் ஆகார தானம், பிணி தீர்க்கும் ஔடத தானம், அறியாமை தீர்க்கும் சாத்திர தானம், அச்சம் தீர்க்கும் அபய தானம் என்பன அவை. முதல் மூன்றையும் நம் இல்லங்கள் தத்தம் ஆற்றலுக்கேற்பச் செய்து வருகின்றன. நான்காவதான அபய தானத்தைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. ஓர் உயிரைக் கொல்லாமலும் துன்புறுத்தாமலும் விட்டுவிட்டால் அதுவே அபய தானம் என்று மனநிறைவு கொள்கிறோம். அம்மனநிறைவைச் சற்றே கலைத்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி, அதன்வழி நம் கடமையை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலியை அறியாதார் நம்முள் இலர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் அவர்கள் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது என்பதும், அதுவே பழுப்பு நிலக்கரியைக் கண்டறிய வழிகோலிற்று என்பதும் பலரும் அறிந்த வரலாறு. 1956ஆம் ஆண்டு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சுரங்கத்திற்காகப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. பிறந்த வீட்டையும் வைத்து வளர்த்த பலாமரத்தையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் ஒருபுறம் இருக்க, மறுபுறம் நேரிய சாலைகளும் நிழல்தரும் மரங்களும் வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்ட குடியிருப்புகளும் கொண்ட நகரியம் எழுந்தது. இருப்பிடத்தை இழப்பது எத்தகையது என்பதை நெய்வேலி மண் நன்கறியும்.

அந்நகரியத்தில் வீடு என்பது பணிக்காலம் வரையில்தான். பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் வாழும் நகருக்கோ செல்லவேண்டும். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறும். தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடியை அடுத்து வருபவர் பார்த்துக்கொள்வார். நாயை யார் பார்த்துக்கொள்வார்?

இவ்வாறு ஒரு குடும்பம் புறப்பட்டபோது பின்தங்கிய நாய்க்குட்டி ஒன்றைப் பற்றியே நாம் சொல்ல வந்தோம். அதற்கு அப்போது எட்டுத் திங்கள் வயதிருக்கும். செம்மண் நிறம். பூட்டிய வாயிற்கதவின் முன் பல நாள் அது படுத்துக்கிடந்தது. அண்டை வீட்டார் சோறிட்டால் உண்டு, மீண்டும் அவ்வாயிலுக்கே திரும்பிவிடும். புதிதாகக் குடிவந்தோர்க்கு நாய் என்றால் அச்சம். இறுதியில் இரக்கமுள்ள ஒருவர் அதனை வெளியூரிலுள்ள விலங்குப் புகலிடம் ஒன்றில் சேர்த்தார்.

நாம் அப்புகலிடத்திற்குச் சென்றிருந்தோம். அங்கு உணவுக்குக் குறைவில்லை, அடிப்பாரும் இல்லை, தடுப்பூசியும் முறையாகப் போடப்பட்டிருந்தது. ஆயினும், யாரேனும் உள்ளே வந்தால் அக்குட்டி ஓடிவந்து கம்பிக்கதவருகில் அமர்ந்து முகத்தை ஏறிட்டு நோக்கும். வந்தவர் தான் எதிர்பார்த்தவர் அல்லர் என்று அறிந்ததும் மெல்ல எழுந்து மூலைக்குச் சென்றுவிடும். "சோறும் மருந்தும் நாங்கள் தருகிறோம் ஐயா. இதற்கென்று ஓர் ஆள் வேண்டுமே, அதை நாங்கள் எப்படித் தருவது?" என்றார் அங்குப் பணிபுரியும் அம்மையார். ஆகார தானமும் ஔடத தானமும் நிறைவேறிய பின்னும் எஞ்சி நிற்பதே அபய தானம் என்பதை அன்று உணர்ந்தோம்.

அக்குட்டிக்கு ஓர் இல்லம் தேடும் பணியை நாமும் மேற்கொண்டோம். நெய்வேலியில் வாழும் நம் சமயக் குடும்பம் ஒன்று நினைவுக்கு வந்தது. கணவன், மனைவி, பள்ளியில் பயிலும் மகள், வயது முதிர்ந்த தாயார் என நால்வர். மகளுக்குச் செய்தி எட்டியதுமே மகிழ்ச்சி தாங்கவில்லை. தாயார் மட்டும் அமைதியாக இருந்தார். பின்னர்த் தம் ஐயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவை அவர் ஒருவரின் ஐயங்கள் அல்ல. நம் இல்லங்கள் பலவற்றிலும் எழுபவை. ஆதலின் அவற்றை ஈண்டு விரிவாக எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, ஊனுண்ணும் விலங்கை வளர்ப்பது சிராவகர்க்குத் தகுமா என்பது. விலக்கப்பட்ட தொழில்களுள் ஒன்றாக, பொருளீட்டும் பொருட்டுக் கொடிய விலங்குகளை வளர்த்தலை ஒழுக்க நூல்கள் குறிப்பிடுவது உண்மையே. ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து உயர்சாதி நாய்க்குட்டி வாங்குவோர் அவ்வணிகத்திற்குத் துணைபோகின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. கைவிடப்பட்டு அடைக்கலம் வேண்டி நிற்கும் உயிரை ஏற்பது அவ்வகையைச் சாராது. அங்கே விலையும் இல்லை; ஆதாயமும் இல்லை.

இரண்டாவது, உணவு. இதற்குக் கால்நடை மருத்துவர் ஒருவரையே கலந்து கேட்டோம். நாய், மனிதனை அண்டிப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த விலங்கு. மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர்கள் மரபணு ஆய்வின் வழி வெளியிட்டுள்ளனர். சோறு, பருப்பு, தயிர், வேகவைத்த காய்கறி ஆகியவற்றோடு, புரதமும் பிற சத்துக்களும் குறையாதபடி மருத்துவர் வகுத்துத்தரும் முறையைப் பின்பற்றினால் நாயை மரக்கறி உணவிலேயே வளர்க்கலாம் என்றார் அவர். பூனைக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்று அவர் கூறியபோது தாயார் புன்னகை செய்தார். அவர் தம் வாழ்நாளில் அவ்விரண்டையும் தீண்டியவர் அல்லர்.

மூன்றாவது, தூய்மை. பூசை நடக்கும் வீட்டில் நாய் வளையவரலாமா என்பது. இதற்கு நாம் விடைசொல்ல முற்படுமுன்னரே பேத்தி குறுக்கிட்டு, "ஆயா, சீவகன் கதையை நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்?" என்றாள்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் வரும் நிகழ்ச்சி அது. உணவைத் தீண்டிய குற்றத்திற்காக ஒரு நாயைச் சிலர் அடித்துக் குற்றுயிராக்கினர். அவ்வழியே வந்த சீவகன், உயிர் பிரியும் தறுவாயில் கிடந்த அந்நாயின் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். நாய் உடல் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. நன்றி மறவாத அத்தேவன், பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்களிடம் சீவகன் சிக்குண்டபோது வந்து காத்தான். அரச குலத்தில் தோன்றியவன் அருகில் அமர்ந்து மந்திரம் சொல்லத் தகுதி பெற்ற உயிருக்கு, நம் வீட்டு வாயிலுக்குள் வரத் தகுதி இல்லையா?

யசோதர காவியமும் இங்கு நினைக்கத்தக்கது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் மயிலாகவும், அவன் தாய் சந்திரமதி நாயாகவும் பிறந்து, தாம் வாழ்ந்த அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். அரியணையில் இருந்த மகனோ அவர்கள் யாரென அறியான். பிறவிச் சுழலில் எவ்வுயிர் நமக்கு எம்முறையினது என்பதை அறிந்தவர் யார்?

பேத்தியின் கேள்விக்குத் தாயார் வெகுநேரம் விடை கூறவில்லை. பின்னர், "பூசை அறைக்குள் விடவேண்டாம். கூடத்தில் இருக்கட்டும்" என்றார். அதன்பின் அவர் தம் மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வியே எல்லாவற்றினும் சிறந்தது. "உனக்கு இன்னும் நான்கு ஆண்டுதானே வேலை? நாய் எத்தனை ஆண்டு இருக்கும்?"

மகன் திகைத்தார். நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை ஆகும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் குடியிருப்பைக் காலிசெய்யும்போது அந்நாய் மீண்டும் ஒரு பூட்டிய கதவின் முன் படுத்துக்கிடக்குமானால், இன்று செய்வது தானமா, தள்ளிப்போடப்பட்ட கொடுமையா? அன்றிரவு அக்குடும்பம் முடிவெடுக்கவில்லை. அடுத்த திங்களில் வந்தவாசிப் பக்கத்திலுள்ள தம் ஊருக்குச் சென்று, பூட்டிக்கிடந்த பழைய வீட்டைப் பார்த்து, பணி ஓய்வுக்குப் பின் அங்கேயே குடியேறுவதென உறுதி செய்தனர். இடையில் தலயாத்திரை செல்லும் நாட்களில் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அண்டை வீட்டாரோடு பேசி முடித்தனர். அதன் பின்னரே புகலிடத்திற்குச் சென்றனர். இத்தாமதத்தை நாம் குறையாகக் கருதவில்லை. விரதம் ஏற்குமுன் தன் ஆற்றலை அளந்தறிவது அறவோர் வழக்கம் அன்றோ?

இக்காலத்தில் இப்பணி முன்னினும் இன்றியமையாததாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் அவ்வாறு விடலாகாது என்றும் ஆணையிட்டது. விலங்குகளிடம் அன்புடையோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்தம் பொறுப்பு என்றும் அவ்வாணை கூறிற்று. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் திரியும் நாய்களை அப்புறப்படுத்திப் புகலிடங்களில் சேர்க்கவும், மீண்டும் அங்கேயே விடாதிருக்கவும் பணித்தது. நாய்க்கடிக்கு ஆளான குழந்தைகளின் துயரம் நாம் இலேசாகக் கருதத்தக்கது அன்று. மனித உயிர்க்கு நேரும் தீங்கைக் காணாமல் விலங்குக்கு மட்டும் இரங்குவது நிறைவான அகிம்சை ஆகாது. ஆனால் புகலிடங்கள் நிரம்புமேயானால், அங்கிருந்து ஒரு நாய் வெளியே செல்லும் ஒவ்வொரு முறையும் இன்னொரு நாய்க்கு இடம் கிடைக்கிறது. ஓர் இல்லம் திறந்தால் இரண்டு உயிர்கள் காக்கப்படுகின்றன.

தத்தெடுத்த பின் எவ்வாறு வளர்ப்பது? இதற்குப் புதிய நூல் எதுவும் வேண்டுவதில்லை. அகிம்சை அணுவிரதத்திற்கு உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறிய ஐந்து அதிசாரங்களே போதும்.

முதலாவது பந்தம், அதாவது கட்டிவைத்தல். நாள்முழுதும் சங்கிலியில் பிணைத்துவிட்டுக் காவலுக்கு நாய் வளர்க்கிறோம் என்பது இக்குற்றமே. இரண்டாவது வதம், அடித்தல். இளநாய் செருப்பைக் கடிப்பதும் சுவரைப் பிராண்டுவதும் பருவத்தின் இயல்பு, பொறுமையால் திருத்தலாம். மூன்றாவது சேதம், உறுப்பறுத்தல். அழகுக்காக வாலையும் காதையும் நறுக்குவது இதன்பாற்படும். கருத்தடையும் இதில் அடங்குமோ என்று நம்முள் சிலர் ஐயுறுகின்றனர். சினமும் தன்னலமும் கவனமின்மையும் உந்த உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது அவ்வாசாரியரின் விளக்கம். மயக்க மருந்து தந்து, வலியறியாவண்ணம் மருத்துவர் செய்யும் சிகிச்சையால், நாளை சாலையில் நசுங்கி மடியவிருக்கும் குட்டிகளின் துன்பம் தடுக்கப்படுகிறது. ஆதலின் அதனை வேறாகவே கொள்ளவேண்டும் என்பது எம் கருத்து. நான்காவது அதிபாரம், ஆற்றலுக்கு மீறிய சுமை. தனிமையும் ஒரு சுமையே. வீட்டார் யாவரும் காலையில் சென்று இரவில் திரும்பும் இல்லங்கள் நாயை ஏற்காதிருப்பதே நலம். ஐந்தாவது, உணவும் நீரும் தடுத்தல். நாம் நோன்பிருக்கும் நாளில் நாய்க்கும் நோன்பு விதித்தல் ஆகாது. அதற்கு விரதம் இல்லை, பசி மட்டுமே உண்டு. ஞாயிறு மறையுமுன் நாம் உண்ணும் வேளையிலேயே அதற்கும் உணவிடலாம்.

இவற்றோடு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், உள்ளாட்சி விதிப்படி பதிவு செய்வதும், அண்டை அயலார்க்கு இடையூறின்றி வளர்ப்பதும் நம் கடமைகளாகும்.

அக்குட்டி இப்போது நெய்வேலியில் அக்குடும்பத்தோடு வாழ்கிறது. சுதஞ்சணன் என்றே பெயரிட விரும்பினாள் பேத்தி. "அது தேவனின் பெயர். அதட்டிக் கூப்பிட நமக்கு வாய் வராது" என்று தாயார் மறுத்து, மணி என்று பெயரிட்டார். முதல் சில வாரங்கள், வீட்டார் எவரேனும் வெளியே புறப்பட்டால் அது நடுங்கி வாயிலில் குறுக்கே படுத்துக்கொள்ளுமாம். இப்போது அவ்வாறு செய்வதில்லை. மாலையில் தாயார் கூடத்தில் அமர்ந்து நமஸ்கார மந்திரம் சொல்லும்போது, பூசை அறை வாயிலுக்கு வெளியே கால்களை நீட்டி உறங்குகிறது. வாயிலைப் பார்த்தபடி உறங்கியது, இன்று வாயிலுக்கு முதுகுகாட்டி உறங்குகிறது என்றார் அவ்வம்மையார். அச்சம் நீங்கியமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அன்பர்களே! எல்லா இல்லங்களும் நாய் வளர்க்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இயலாதவர் புகலிடத்திற்குப் பொருளுதவி செய்யலாம். இயன்றவர் யாரென்று தேடித் தரலாம். ஆனால் இயன்றும் தயங்கி நிற்போர், தாயார் கேட்ட அக்கேள்வியைத் தம் இல்லத்திலும் கேட்டுப் பார்க்கட்டும். அதன் ஆயுள் முழுமைக்கும் விடை இருக்குமாயின், தயங்காமல் கதவைத் திறக்கட்டும்.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!