சும்மா பின்னுதல்

மிச்சத்திலிருந்து அழகு செய்வது பெண்ணின் பெருமையா, அல்லது அவளுக்கு மிச்சம் மட்டுமே கிடைத்துவந்ததன் அடையாளமா? பழைய கம்பளிச் சட்டைகளை அவிழ்த்து, அந்த நூலில் கருப்பையையும் முலையையும் தொப்புள்கொடியையும் பின்னிக்காட்டும் குரோஷே கலைப் படைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நம் வீடுகளில் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். சட்டியில் ஒட்டியிருப்பது அவர் பங்கு. அதைத் தியாகம் என்று சொல்லிவிடுகிறோம். சோறு ஏன் பத்தவில்லை என்று கேட்பதில்லை.

இந்த வகைப் பின்னலை ‘ஃப்ரீஃபார்ம்’ என்கிறார்கள். முன்மாதிரி கிடையாது, கண்ணி எண்ணும் வேலை கிடையாது. ஒரு துண்டு பின்னியதும் அதன் ஓரத்திலிருந்து வேறொரு திசையில் இன்னொன்று முளைக்கும். ஊசிப் பின்னலுக்கு 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். குரோஷே இன்றும் கை வேலைதான். கொக்கியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் நிற்கும். அதை விட்டுவிட்டு நூலை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துபோகும். அவிழ்த்த நூலும் நேராக வராது. பழைய கண்ணிகளின் நெளிவு அதில் அப்படியே இருக்கும். நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் ஓரளவு நேராகும். நம்மூர் பண்டல் கடைகளில் இந்த வெயிலுக்கு யாரும் போடமுடியாத கம்பளிச் சட்டைகள் தொங்குமே, அவை இந்த வேலைக்கு நல்ல நூல்.

தாய்மைக்கு இது ரொம்பப் பொருத்தமான உவமை என்று தோன்றும். தன்னை அவிழ்த்துப் பிள்ளையைப் பின்னுகிறாள். ஆனால் ஒரு சட்டையை அவிழ்த்தால் அந்தச் சட்டை இல்லாமல் போகிறது. அவிழ்வதைப் புகழ்ந்துகொண்டே இருந்தால், அவிழ மறுக்கிறவள் கெட்ட தாயாகிவிடுவாள். இந்தக் கலையின் ஆபத்து இதுதான்.

1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய மாளிகையை ஜூடி சிகாகோ, மிரியம் ஷபிரோ இருவரும் தங்கள் மாணவிகளோடு சேர்ந்து ‘வுமன்ஹவுஸ்’ என்ற கண்காட்சியாக மாற்றினார்கள். அங்கே ஃபெய்த் வைல்டிங் ஓர் அறைக்குள் சிலந்தி வலை போல நூலால் குரோஷே பின்னினார். பிறகு அதைக் ‘கருப்பை அறை’ என்று அழைத்தார்கள். உள்ளே போனவரை அது அணைத்துக்கொள்ளும். ஆனால் அதே வீட்டில் அதே வைல்டிங் ‘காத்திருத்தல்’ என்ற நிகழ்த்துகலையும் செய்தார். நாற்காலியில் ஆடியபடி, பிறந்ததிலிருந்து முதுமைவரை ஒரு பெண் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒரே கை அணைப்பையும் காட்டியது, அடைப்பையும் காட்டியது. எனக்கு இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை.

அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமத்தில் மிசௌரி பெட்வே 1942-ல் செய்தது வேறு. கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வையாகத் தைத்தார். போர்த்திக்கொள்ளவும் வேண்டும், அவர் நினைவும் வேண்டும். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கியபோது, நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியவைதான். ஆனால் துணிக்கடைக்குப் போகக் காசில்லாத வாழ்க்கையும் அந்தத் தையலில் இருக்கிறது. அழகு வறுமையை நியாயப்படுத்தாது. வறுமை அழகைக் குறைக்கவும் செய்யாது.

அப்படியென்றால் எங்கே கோடு போடுவது? எனக்கு விடை தந்தது தமிழில் உள்ள ஒரு சாதாரணச் சொல். அம்மா மீந்த நூலில் எப்போதும் யாருக்காவது எதையாவது பின்னுவார். பேரனுக்குத் தொப்பி, தொலைக்காட்சிக்கு உறை, கோயிலுக்குத் தோரணம். ஒருநாள் வடிவமே இல்லாத ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். “இது என்னத்துக்கும்மா?” என்றேன். “சும்மாதான்” என்றார்.

சும்மா இருப்பதை நம் ஞானிகள் உச்ச நிலை என்றார்கள். ஆனால் வீட்டைத் தூக்கிச் சுமக்கும் பெண்ணைப் பற்றி, “வேலைக்கெல்லாம் போறதில்ல, வீட்லதான் சும்மா இருக்கா” என்று அதே சொல்லை வசையாக்கிவிட்டோம். அவள் செய்ததெல்லாம் கணக்கில் வராத வேலை. சும்மா இருக்க அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

ஆகவே எனக்குக் கோடு நூலில் இல்லை, கொக்கியைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. மிச்சம்தான் விதி என்று ஒருத்தியிடம் கொடுக்கப்பட்டால் அது அநீதி. மிச்சத்தைத் தானே தேர்ந்து, யாருக்கும் உறையாகாத, யாரையும் போர்த்தாத ஒன்றை அவள் பின்னும்போது, தாயாக இருப்பதற்கு அப்பாலும் தான் ஓர் ஆள் என்கிறாள். இவ்வகைக் கலை நல்லதா இல்லையா என்பதைவிட இந்த உரிமை எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இன்று சாயந்திரம் கொக்கியும் பழைய நூலுமாக ஒரு மணி நேரம் உட்கார நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை யார் தூக்கி வைத்திருப்பது?