தகுதியும் இடமும்: உயர்கல்விச் சேர்க்கை குறித்த ஓர் அறவியல் நோக்கு

புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவோர் சேர்க்கை விழுக்காட்டையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கின்றனர். விழுக்காடு குறையக் குறையச் சிறப்பு மிகும் என்பது அவர்தம் கருத்து. இவ்வளவுகோல் எதனை அளக்கிறது, இடம் பெறாதவரைத் தகுதியற்றவர் எனக் கொள்ளுதல் முறையாகுமா என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2022ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் 61,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தேர்வானோர் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினர். ஆக்ஸ்போர்டில் அண்மை ஆண்டுகளில் 23,000 பேரளவில் விண்ணப்பிக்க, ஏறத்தாழ 3,300 பேர் சேர்கின்றனர். இதனைக் கொண்டு ஹார்வர்டே நான்கு மடங்கு அரியது என முடிவு செய்தல் பொருந்தாது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டிற்கும் ஒருவர் ஒரே ஆண்டில் விண்ணப்பித்தல் பொதுவாக இயலாது. அமெரிக்காவிலோ ஒரே மாணவர் பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தல் வியப்பன்று. வகுக்கும் எண் உருவாகும் முறையே வேறு.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இது மேலும் தெளிவாகும். 2024இல் அவற்றில் இருந்த இடங்கள் 17,740. அவ்வாண்டு ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியோர் 14 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அட்வான்ஸ்டு தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 1.8 இலட்சம் பேர். முன்னதால் வகுப்பின் 1.25 விழுக்காடு, பின்னதால் வகுப்பின் பத்து விழுக்காடு. இடமும் ஆண்டும் ஒன்றே. சீனத்திலோ குடும்பப் பதிவு எம்மாநிலத்தில் உள்ளதோ அதற்கேற்பவே பீக்கிங் பல்கலைக்கழகத்திற்கான மதிப்பெண் எல்லை மாறுகிறது.

எல்லைக்கோட்டின் அருகே நிற்போர் நிலையே அறவியலில் முதன்மையானது. அட்வான்ஸ்டு தேர்வில் இருவர் சம மதிப்பெண் பெறின், குறைப்பு மதிப்பெண் நீங்கலாக ஈட்டிய மதிப்பெண்ணும், அடுத்துக் கணித மதிப்பெண்ணும், பின்னர் இயற்பியல் மதிப்பெண்ணும் நோக்கப்படும். இயற்பியலில் சிறந்தவரினும் கணிதத்தில் சிறந்தவர் மேலானவர் என எவரும் நிறுவியதில்லை. இது வசதிக்காக வகுத்த விதி. அதன் விளைவையோ நாம் தகுதி என்று அழைக்கிறோம்.

நெதர்லாந்து வேறு வழி கண்டது. மருத்துவக் கல்விக்கு 1970களில் தொடங்கி அங்குக் குலுக்கல் முறை நிலவியது. மதிப்பெண் மிக்கோர்க்கு வாய்ப்பு மிகுதி. 1996இல் பத்துக்கு 9.6 சராசரி பெற்ற மாணவி ஒருவர் மூன்றாம் முறையாகக் குலுக்கலில் தோற்றபோது கடுங்கண்டனம் எழுந்தது. பின்னர் உயர்மதிப்பெண் பெற்றோர்க்கு நேரடிச் சேர்க்கை வந்தது. 2017இல் குலுக்கலே கைவிடப்பட்டது. 2023இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஹார்வர்டுப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2020இல் வெளியிட்ட நூலிலும் தகுதி வரம்பைக் கடந்தோரிடையே குலுக்கலைப் பரிந்துரைத்தார். அம்மாணவிக்கு நேர்ந்தது கொடிதே. எனினும் குலுக்கல் அவரைத் தகுதியற்றவர் எனக் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

முதலில் தகுதி, பின்னர்க் குலுக்கல் என்னும் இவ்வமைப்பு, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) அறிந்தார்க்குப் புதிதன்று. ஆயின் அங்குக் குடவோலையில் பெயர் இடம்பெறவே கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் வேண்டப்பட்டன. குடத்தின் நடுநிலை குடத்திற்குள் செல்லாதவர்க்குப் பயன்படவில்லை. தனிப்பயிற்சிக்கு ஆகும் பெருஞ்செலவை எண்ணுங்கால், இன்றைய முதற்கட்டத் தேர்வுகளையும் இவ்வாறே வினவ வேண்டியுள்ளது.

முதுகலைத் தமிழ் பயில வரும் மாணவர் சிலர் நேர்காணலில் ‘வேறு படிப்பில் எனக்கு இடம் கிடைக்கவில்லை’ எனக் கூறக் கேட்டிருக்கிறேன். ‘கிடை’ என்னும் வினை இங்கு இடத்தை எழுவாயாகக் கொள்கிறது. மாணவரோ நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். அத்தொடரில் தகுதிக்குறைவைச் சுட்டும் சொல் ஒன்றும் இல்லை. எனினும் அதனைக் கூறும்போது அவர்கள் தலைகவிழ்கின்றனர்.